ஃபார்மேட் செய்யாமலே அம்மாவின் கம்ப்யூட்டரை ஓட வைத்துக் கொடுத்த காட்பாடிக் கடை

இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று பொங்கல் முடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாலு வரியில் நன்றாகச் செய்தார்கள் என்று போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அது சரியாக ஆன் ஆகாமல் தவிக்கிறவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால் நடந்ததை முழுதாகவே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அம்மா வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே தமிழ் டைப்பிங் வேலை செய்கிறார். பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதிப் பத்திரிகை எல்லாம் வரும். எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில், பாமினி எழுத்துருவில். 2012இல் வாங்கிய கம்ப்யூட்டர், இரண்டாம் தலைமுறை ஐ3, நாலு ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. இத்தனை பழசை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். பாமினியில் அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் தமிழே வராது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். பேஜ்மேக்கர் சிடி எப்போதோ போய்விட்டது. பிரிண்டரும் எச்பி லேசர்ஜெட் 1020, அது இந்தக் கம்ப்யூட்டரோடு பழகிப்போய் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. பத்து வருஷத்துக்கு மேலான பத்திரிகைகள் அதற்குள் இருக்கின்றன, மூத்த பெண்ணுக்கு அடித்தவர்கள் இளைய பெண்ணுக்கும் இங்கேதான் வருகிறார்கள், அந்தப் பழைய ஃபைலைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும்.

கார்த்திகை மழை சமயத்தில் ஆரம்பித்தது. காலையில் பட்டனை அமுக்கினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றும், விளக்கு எரியும், அணைந்துவிடும். இரண்டு வினாடி கழித்துத் தானாகவே மறுபடி சுற்றும், மறுபடி அணையும். இப்படி நாலைந்து தடவை ஆன பிறகு திடீரென்று எதுவுமே நடக்காத மாதிரி ஸ்கிரீன் வந்துவிடும். ஒருமுறை வந்துவிட்டால் ராத்திரி வரைக்கும் பிரச்சனை இல்லை. நானும் பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன், ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன், ஒரு வாரம் சரியான மாதிரி இருந்தது, திரும்ப அதே கதை.

மார்கழியில் தங்கை பிரசவத்துக்காக அம்மா பத்து நாள் ஆரணிக்குப் போய்விட்டார், வீட்டில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போயிருந்தோம். திரும்பி வந்து போட்டால் புதிதாக ஒரு தொல்லை. தேதியும் நேரமும் தப்பு என்று கறுப்புத் திரையில் ஒரு வரி, தொடர எஃப்1 அமுக்கு என்றது. அமுக்கினேன். விண்டோஸ் லோகோ வந்தது, நீலமாக ஏதோ மின்னியது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்று தானாகவே ஒன்று ஓடி, அரை மணி நேரம் தேடி, என்னால் சரி செய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றது. தை முகூர்த்தத்துக்குப் பதினோரு பத்திரிகை ஆர்டர் கையில் இருந்தது. அம்மா அன்று சாப்பிடவே இல்லை.

முதலில் டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன், பெயர் வேண்டாம். சிபியுவை ஆன் செய்தார்கள். நடுப்பகலில் சமர்த்தாக ஆன் ஆனது, நீலத் திரை வந்தது. அதைப் பார்த்தவுடனே, விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மேட் அடித்து விண்டோஸ் 10 போட்டுவிடலாம், 600 ரூபாய் என்றார்கள். உள்ளே இருப்பது என்ன ஆகும் என்றால், டி டிரைவில் இருப்பது இருக்கும், சி டிரைவ் போய்விடும் என்றார்கள். அம்மா எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருக்கிறார். ஸ்கிரீனில் கண்ணுக்கு நேரே இருப்பதுதான் பத்திரம் என்பது அவர் எண்ணம், நிறையப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் டெஸ்க்டாப்பில் இருப்பது எல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது. நான் அங்கேயே சிபியுவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது, ஒரு சரி சொல்லியிருந்தால் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் போயிருக்கும்.

காட்பாடியில் வேலை செய்யும் நண்பர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். கிரீன் சர்க்கிள் தாண்டி, பாலாற்றுப் பாலம் ஏறி, விருதம்பட்டு வழியாக ஸ்கூட்டரில் காலுக்கு நடுவில் சிபியுவை வைத்துக்கொண்டு போனதைத் தனியாக எழுத வேண்டும், அதை விடுங்கள். கடை மாடியில் இருக்கிறது, படி குறுகல். மேலே போனால் பத்துக்குப் பதினைந்து அடி இருக்கும், அவ்வளவுதான், பாதிக்கு மேல் விஐடி பிள்ளைகளின் லேப்டாப்தான் அடுக்கியிருக்கிறது. நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், கூட ஒரு பையன்.

நான் சிபியுவை மேசையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ள இன்னாண்ணா இருக்குது? காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?" இல்லை என்றேன். "அப்போ அதை முதல்ல எடுத்துடலாம், ரிப்பேர் அப்புறம்" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினார், அம்மாவின் டெஸ்க்டாப் ஃபோல்டர் அப்படியே திறந்தது. எல்லாப் பத்திரிகையும் இருந்தது. நான் அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன், அம்மா ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொத்தம் 86 ஜிபி, எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்து என் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்.

அதோடு ஸ்மார்ட் என்று டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் கணக்கையும் திறந்து காட்டினார். அதில் ரீஅலக்கேட்டட் செக்டர் என்ற இடத்தில் 8 இருந்தது. கெட்டுப்போன இடத்தை ஒதுக்கிவிட்டு டிஸ்க் வேறு இடத்தில் எழுதிக்கொண்டதன் எண்ணிக்கை அது. எட்டிலேயே நின்றால் ஓட்டலாம், மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும் என்றார். இப்போதே மாற்றச் சொல்லி விற்றிருக்கலாம், நான் இருந்த பயத்தில் வாங்கியிருப்பேன். அவர் அதைச் செய்யவில்லை.

அப்புறம்தான் நீலத் திரை. அது கண் சிமிட்டும் நேரம் வந்து போய்விடும், படிக்கவே முடியாது. அவர் ஆன் செய்யும்போது எஃப்8 தட்டினார், வந்த பட்டியலில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுத்தார், இப்போது நீலத் திரை அப்படியே நின்றது. கடைசியில் இருந்த எண்ணைக் காட்டினார், 7பி என்று முடிந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "இது விண்டோஸ் கெட்டுப்போனது இல்லண்ணா. அதுக்குத் தன்னோட டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியல" என்றார்.

அவர் சொல்லி நான் புரிந்துகொண்டது இதுதான். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, சிஆர்2032, மூன்று வோல்ட். கரண்ட் இல்லாதபோது தேதியையும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற புரோகிராமின் செட்டிங்கையும் காப்பாற்றுவது அதுதான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எப்போதும் வரும் ஐந்து வோல்ட் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், பேட்டரி செத்திருந்தாலும் தெரியாது. நாங்கள் பத்து நாள் மெயினை அணைத்துவிட்டுப் போனதில் அந்தப் பாவப்பட்ட பேட்டரி தாங்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தார், 2.3 வோல்ட். செட்டிங் எல்லாம் அழிந்து பயாஸ் கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்குப் போய்விட்டது. அந்தப் பழைய நிலையில் சாட்டா மோடு, அதாவது மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇ என்று இருக்கிறது. ஆனால் 2012இல் விண்டோஸ் போட்டவர் அதை ஏஎச்சிஐ என்று வைத்துப் போட்டிருக்கிறார். விண்டோஸ் 7 எந்த மோடில் போடப்பட்டதோ அதற்குரிய டிரைவரை மட்டும்தான் தொடக்கத்தில் எடுக்கும், மோடு மாறினால் டிஸ்க்கைப் படிக்கத் தெரியாமல் நீலத் திரை போட்டு விழுந்துவிடும். "வீட்ல எல்லாம் அப்படியே கீதுண்ணா, பூட்டு மாறிப்போச்சு, அவ்ளோதான்" என்றார். புதுப் பேட்டரி போட்டார், பயாஸுக்குள் போய் ஐடிஇயை ஏஎச்சிஐ ஆக்கினார், தேதியைச் சரி செய்தார், எஃப்10 தட்டிச் சேமித்தார். விண்டோஸ் வந்துவிட்டது. மொத்தம் மூன்று நிமிடம். பேட்டரி விலை 40 ரூபாய்.

இதற்குத்தான் எங்கள் சி டிரைவைக் காலி செய்யப் பார்த்தார்கள்.

நான் அப்போதே எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவர்தான் விடவில்லை. "காலையில ஆன் ஆகி ஆகி அணையுதுன்னீங்களே, அது வேற" என்றார். ஆனால் அவர் கடையில் எத்தனை தடவை போட்டாலும் ஒழுங்காக ஆன் ஆனது. பழைய வண்டி மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தால் மட்டும் நன்றாக ஓடுமே, அந்த மாதிரி. இங்கே வைத்துவிட்டுப் போங்கள், ராத்திரி முழுக்க ஆறட்டும், காலையில் கடை திறந்ததும் நீங்களும் வாருங்கள், முதல் ஸ்டார்ட்டை உங்கள் எதிரிலேயே பார்க்கலாம் என்றார்.

மறுநாள் ஒன்பதரைக்குப் போனேன். மார்கழி விடியலில் வேலூரிலும் இருபது டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது, கடைக்குள் இன்னும் குளிர் இருந்தது. எஸ்எம்பிஎஸ் கனெக்டரின் பின்பக்கம் மீட்டர் ஊசியைச் செருகிவிட்டு என்னையே பட்டனை அமுக்கச் சொன்னார். சுற்றியது, அணைந்தது, சுற்றியது, அணைந்தது, வீட்டில் நடக்கிற அதே மாதிரி. மஞ்சள் வயர் 12 வோல்ட் காட்ட வேண்டும், ஐந்து சதவீதம் முன்னே பின்னே போகலாம், அதாவது 11.4க்குக் கீழே வரக்கூடாது. மீட்டரில் 11.1 தாண்டவில்லை. சிவப்பு வயர் ஐந்துக்குப் பதில் 4.6. வோல்டேஜ் சரியாக வந்துவிட்டது என்று எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற வயரில் ஒரு சிக்னல் அனுப்பினால்தான் மதர்போர்டு வேலையை ஆரம்பிக்கும், அது நிலைக்காததால்தான் தொடங்கித் தொடங்கி நிற்கிறது என்றார். அலமாரியிலிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்து வெளியிலிருந்தே மாட்டினார். ஒரே அமுக்கில் ஆன் ஆனது. கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார், திரும்ப அணைந்தது. திரும்பப் புதியது, ஆன் ஆனது. சந்தேகத்துக்கே இடம் இல்லாமல் காட்டினார்.

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பின்னை வைத்துச் சேர்த்து எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது நம் ஊரில் எல்லாரும் செய்கிற சோதனை, நானும் வீட்டில் செய்து பார்த்து எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தேன். அதைச் சொன்னேன். ஃபேன் சுற்றினால் அது உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம், பாரம் ஏற்றினால் தாங்குமா என்று அதில் தெரியாது என்றார்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எனக்காகத் திறந்தும் காட்டினார். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், வீட்டில் யாரும் திறக்காதீர்கள் என்று அந்தப் பையனிடமும் என்னிடமும் இரண்டு தடவை சொன்னார், அதை வடித்துவிட்டு அப்புறம்தான் கை வைத்தார். வயர் கிளம்பும் பக்கம் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள், அதில் இரண்டின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது, ஒன்றின் நடுவில் இருந்த கீறல் பிளந்து வெல்லப்பாகு காய்ந்த நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. புதுக் கெப்பாசிட்டர் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பாருங்கள் என்றார், தலை தட்டையாக, வழவழப்பாக இருந்தது. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றிப்போகிறது, வற்றியது குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும், ஓடிச் சூடானதும் கொஞ்சம் தேறிவிடும். அதனால்தான் காலையில் மட்டும் மக்கர், மதியம் சமர்த்து. வருஷத்துக்கு வருஷம் கத்திரியில் நாற்பது டிகிரி தாண்டும் ஊரில், தெற்குப் பார்த்த அறையில், காற்றே போகாத மேசை அறைக்குள் அதை வைத்திருந்தோம். வெயிலில் பட்ட அடி மார்கழியில் வெளியே தெரிந்திருக்கிறது.

அந்த இரண்டு கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மாற்றலாம், ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பெட்டி, இரண்டு போனால் மற்றதும் வரிசையில் நிற்கும், அது மதர்போர்டைக் கொண்டுபோய்விட்டால் இந்த மாடல் போர்டைத் தேட வேண்டியிருக்கும் என்றார். சரி என்று புதிய எஸ்எம்பிஎஸ் போடச் சொன்னேன்.

தூசி ஊதும்போது ஒன்று பார்த்தேன். பையன் புளோயரை நேராகச் சிபியு ஃபேன் மேல் அடித்தான், ஃபேன் கிர்ரென்று பறந்தது. இவர் எழுந்து வந்து ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, இப்படிப் பிடித்துக்கொண்டு ஊது, வேகமாகச் சுற்றினால் மோட்டார் தானே கரண்ட் உற்பத்தி பண்ணிப் போர்டுக்குள் அனுப்பும், பேரிங்கும் போகும் என்று சொல்லிக் கொடுத்தார். திட்டவில்லை. பிராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க்கில் காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த தெர்மல் பேஸ்டையும் துடைத்துப் புதிதாக வைத்தார், அதற்குத் தனியாகக் காசு போடவில்லை.

பில்: எஸ்எம்பிஎஸ் 950, பேட்டரி 40, வேலைக்கூலி 350, மொத்தம் 1340 ரூபாய். பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் பேட்டரியையும் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார், கேட்காமலே. எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கம்பெனி வாரண்டி இருக்கிறது, பெட்டியைப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

விண்டோஸ் 7 பற்றியும் ஒளிக்காமல் பேசினார். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது, இதில் இன்டர்நெட் கொடுக்கவே கூடாது, ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து வேறு இடத்திலிருந்து அனுப்புங்கள், பேங்க் வேலை எதையும் இதில் பார்க்காதீர்கள் என்றார். அப்படியே செய்கிறோம், அம்மா பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் தருவார், நான் என் லேப்டாப்பில் போட்டு பிரஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். டெஸ்க்டாப்பையும் டி டிரைவுக்கு மாற்றி வைத்துக் கொடுத்திருக்கிறார், அம்மா கண்ணுக்கு எல்லாம் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்றார், கையில் வர ஐந்து நாள் ஆனது. காலை ஸ்டார்ட்டைப் பார்க்க ஒரு நாள் போனது நியாயம். ஆனால் புதிய எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகும் இரண்டு காலை குளிர வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்று நின்றார், அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அம்மாவிடம் நாள் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன், பிரஸ்காரரிடம் அம்மா தலைகுனிய வேண்டியிருந்திருக்காது. போன் அடித்தால் எடுப்பதே இல்லை, வாட்ஸ்அப்பில் போட்டால் சாயங்காலம் பதில் வரும். பில் கேட்டால்தான் எழுதுவார். வயதானவர்கள் சிபியுவைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறவே முடியாது, கீழிருந்து கூப்பிட்டால் பையன் வந்து எடுத்துப் போகிறான், அதைக் கீழே ஒரு போர்டில் எழுதி வைக்கலாம். அவசரம், இன்றைக்கே வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது.

உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். எங்கள் பதினோரு பத்திரிகையும் முகூர்த்தத்துக்கு முன்னால் அச்சுக்குப் போய்விட்டன. இரண்டு மாதமாகத் தினமும் காலை ஆறரைக்கு அம்மா பட்டனை அமுக்குகிறார், ஒரே அமுக்கு. மாதம் முதல் தேதி ஸ்மார்ட் எண்ணைப் பார்த்துக் காலண்டரில் எழுதுகிறேன், 8லேயே நிற்கிறது.

போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்பே போய்விடுங்கள், அதற்கு மேல் காலேஜ் பிள்ளைகள் கூட்டம். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், ஞாயிறு லீவு. பவர் கேபிளை வீட்டிலேயே வைத்துவிட்டு சிபியுவை மட்டும் கொண்டு போனால் போதும், எக்ஸ்டெர்னல் டிஸ்க் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள், காப்பி எடுப்பதற்கு அவர் தனியாகக் காசு வாங்குவதில்லை.